கரிவலத்துக்குப் போன எலுமிச்சைச் சிமிழ்

1

எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவோடு இந்த வருஷம் நான் ஜெர்மனிக்குப் போய்ப் பதினேழு வருஷம் முடிந்தது. தபசுக்கு மறுநாள்தான் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றேன் என்பதால் இந்தக் கணக்கு மட்டும் மறப்பதில்லை. வழக்கமாக அந்த நாள் வந்தால் கொஞ்சம் பெருமையாக இருக்கும். இந்த வருஷம் பயந்துகொண்டிருந்ததுதான் மிச்சம். எல்லாம் ஒரு எலுமிச்சம்பழத்தால் வந்தது. பழம்கூட இல்லை, பழம் மாதிரி செய்த ஒரு மண் சிமிழ்.

நான் பயந்த சுபாவம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையும் அதற்கேற்ற மாதிரியே வாய்த்துவிட்டது. தறி மெஷின் செய்கிற கம்பெனியில், நூல் அறுவதற்கு முன்பே மெஷின் தானாக நிற்க என்ன வழி என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்பா ஊரில் பவர்லூம் வைத்திருந்தார். நூல் அறுந்த பிறகு அவர் சத்தம் போடுவார், நான் அறுவதற்கு முன்பே கவலைப்படுகிறேன். ஆக, குலத்தொழிலை விட்டுவிடவில்லை.

ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில், ஃப்ராவ் பிராண்ட்னரின் வீட்டு மாடியில் நானும் மனைவி செல்வியும் மகள் தாரிணியும் குடியிருக்கிறோம். ஃப்ராவ் என்பது நாம் பேருக்கு முன்னால் போடுகிற திருமதி மாதிரி. எண்பது தாண்டிய அந்த அம்மாள் கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இருப்பவை ஃபயான்ஸ் பாத்திரங்கள். முதல் தடவை பார்த்தபோது காய்கறிக் கடை என்றுதான் நினைத்தேன். முட்டைகோஸ் ஒன்று, தண்ணீர்விட்டான் கிழங்கின் குருத்துகளைக் கட்டிவைத்த மாதிரி ஒன்று, குஞ்சோடு ஒரு கோழி. எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று இருக்கும்.

ஃபயான்ஸ் என்றால் சுட்ட மண்தான். சீனப் பீங்கானுக்கு ஆசைப்பட்டு, அது செய்யும் மண் கைக்கு வராத காலத்தில், உள்ளூர் மண்ணையே சுட்டு, வெள்ளீயம் கலந்த பூச்சைக் கனமாகப் பூசி மறைத்து, மேலே பூவும் இலையும் எழுதினார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு நேர்கோடு என்றாலே பிடிக்காமல் போயிருக்கிறது. ஓரங்களெல்லாம் நெளியும், கைப்பிடி கொடியாகச் சுருளும், இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இருக்காது. அந்தப் பாணிக்கு ரொக்கோகோ என்று பெயர். ஜெர்மனியில் நான் பார்த்த ஒழுங்கில்லாத ஒரே சாமான் அதுதான் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

அந்த அலமாரியில் ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தது. உள்ளங்கை இரண்டையும் குவித்தால் நிறைகிற அளவு. புள்ளி புள்ளியாகத் தோல், அடியில் இலை, மூடியில் பிடித்துத் தூக்க ஒரு பூ. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிப் பழம்கூடத் தோற்றுப்போகும்.

2

சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவே துடைக்கும். நான் படிக்கட்டைப் பெருக்குவேன், செல்வி குப்பையை நாலு நிறத்தொட்டியாகப் பிரிப்பாள், தாரிணி கீழே போய் ஃப்ராவ் பிராண்ட்னரின் பாத்திரங்களைத் தூசி தட்டுவாள். அந்த அம்மாளின் கை நடுங்குகிறது. பதினான்கு வயதுக்காரியின் கை நடுங்காது. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற ஜெர்மனில் பாதி எனக்குப் புரியாது. பதினேழு வருஷமாகியும் கடை, ஆஸ்பத்திரி, ஆபீஸ் இந்த மூன்றுக்குமான ஜெர்மன்தான் என்னிடம் இருக்கிறது. சிரிப்பதற்கான ஜெர்மன் என் மகளிடம்தான் இருக்கிறது.

ஆனியில் என் அக்கா மகள் கோமதிக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான் போயாகவேண்டும், ஆனால் லீவு கிடைக்கவில்லை. கோவில்பட்டிக்கார நண்பர் ஒருவர் ஊருக்குப் போனார், அவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டேன். அது தெரிந்ததும் ஃப்ராவ் பிராண்ட்னர் எலுமிச்சைச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். அவர் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மேஜைமேல் இந்தச் சிமிழில்தான் பாதாம் பிஸ்கட் இருக்குமாம். இப்போது கல்யாணம் செய்துகொள்ள அவர் வீட்டில் யாரும் இல்லை.

"பிஸ்கட் மணப்பெண்ணுக்கு. சிமிழ் எனக்குத் திரும்பி வரவேண்டும்," என்றார். பிறகு தாரிணியைப் பார்த்து, "உலர்ந்தது மட்டும்தான் போடலாம், அதுவும் காகிதத்தில் சுற்றி. ஈரம் கூடாது. புளிப்பு கூடவே கூடாது. இந்தப் பூச்சில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருக்கிறது. புளிப்புப் பட்டால் அது கரைந்து சாப்பாட்டில் இறங்கும்," என்றார். தாரிணி பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள்.

வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் கல்யாணத்துக்கென்று இரண்டு கையாலும் நீட்டுகிறவரிடம் வேண்டாம் என்று நம்மால் சொல்ல முடியுமா? வாங்கி, மூன்று துண்டுக்கு நடுவே வைத்துக் கட்டி அனுப்பினேன். அன்றைக்கே அக்காவுக்கு போன் போட்டு, சிமிழ் திரும்பி வரவேண்டிய சாமான் என்று மட்டும் சொன்னேன்; புளிப்பு ஆகாது என்பதைச் சொல்லத் தோன்றவில்லை. பந்தல்காரன் சத்தமும் குழாயில் பாட்டும் கேட்டன. "சரிலே, சரிலே, பத்திரமா வைக்கேன்," என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டுக் கிண்ணம் நம் வீட்டில் ஒரு நாள் தங்கினாலே அக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. எதையாவது போட்டு, வெறும் பாத்திரமாக இல்லாமல் திருப்பிக் கொடுத்தால்தான் நிம்மதி. அந்த தைரியத்தில் இருந்துவிட்டேன். பெட்டியில் வைத்துக் கடல் தாண்டி வந்த பாத்திரத்துக்கும் அந்த முறை பொருந்தும் என்று ஊரில் யாரும் நினைக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த டப்பா எதுவும் இதுவரை திரும்பிப் போனதில்லையே.

3

ஆடியில் பள்ளி விடுமுறை வந்தது. செல்விக்கு வேலை, நானும் தாரிணியும் மட்டும் கிளம்பினோம். சங்கரன்கோவிலுக்குப் போக என் மகளுக்கு விசா வேண்டும். இதை எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கிறது. விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம். அத்தை வீடு என்று போட அதில் இடமில்லை, சுற்றுலா என்று போட்டோம். விமான நிலையத்தில் அதிகாரி அவளிடம் எங்கே தங்கப்போகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார். அவள், "சங்கரன்கோவில், தெற்கு ரத வீதிக்குப் பின்னாடி," என்று தமிழில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். நான் மட்டும் முத்திரை விழும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா தாரிணிக்கு மோர் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டு, "நன்றி அத்தை," என்றாள்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "ஏட்டி, கடைக்காரிகிட்ட சொல்லுத மாதிரில்லா சொல்லுத. அத்தைக்கு எதுக்கு நன்றி?"

"அங்க எல்லாத்துக்கும் சொல்லிப் பழக்கம்க்கா," என்று நான் நடுவில் விழுந்தேன்.

"ஒங்க வீட்டுல ஒனக்கும் சொல்லுதாளா?"

சொல்கிறாள். அதை நான் சொல்லவில்லை. பேச்சை மாற்றுவதற்காகத்தான் சிமிழ் எங்கே என்று கேட்டேன்.

அக்காவுக்கு முகம் மலர்ந்தது. "அதக் கேக்கியா? நிச்சயத்துல தட்டு மாத்துனோம்லா, அதுல நடுத்தட்டுல அதத்தான் வச்சேன். ஜெர்மனியிலயிருந்து தாய்மாமன் அனுப்புன சீருன்னு சபையில சொன்னேன். அவ்வளவு பேரும் எந்திரிச்சு வந்து பாத்தாவ. இப்பம் கரிவலத்துல சம்பந்தி வீட்டுல இருக்கு."

"அக்கா, அது திருப்பிக் குடுக்கணும்னு சொன்னேம்லா."

"சொன்ன. நானும் ஏதோ வெள்ளக்காரி பேச்சுக்குச் சொல்லுதான்னு விட்டுட்டேன். கல்யாணத்துக்குன்னு குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாவளா? அதுபோக, அவுக அத சும்மா வைக்கல. புளியங்குடியிலயிருந்து பழம் வாங்கி அதுலயே எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டுருக்காவளாம். நீ வந்து மொதல்ல தொடணும்னு வச்சிருக்காவ."

தாரிணி மோர் தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா," என்றாள், "ப்ளை." ஜெர்மனில் காரீயத்துக்கு அதுதான் பேர்.

4

அன்று முழுக்க அக்காவும் நானும் வாக்குவாதம் செய்தோம். அக்காவுக்கு அப்பன் இல்லாத பிள்ளையைக் கரையேற்றுகிற கவலை; அத்தான் இறந்த பிறகு அவள் ஒருத்தியாகத்தான் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தாள். கோமதி நர்ஸ் வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளை கரிவலம்வந்தநல்லூரில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய் ஆவணியில் கல்யாணம். இந்த நேரத்தில் போய், நாங்கள் கொடுத்த சீரில் ஈயம் இருக்கிறது, அதில் போட்ட ஊறுகாயைச் சாப்பிடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

"மொதச் சீரே ஆகாமப் போச்சுன்னு சொல்லுவாவல. அந்தச் சொல்லு எம் பிள்ள தலையில ஆயுசுக்கும் நிக்கும்," என்றாள் அக்கா.

"சொல்லாம இருந்து யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா?"

"ஊறுகாய் தின்னு யாருக்குலே என்ன ஆவும்?"

செல்வியிடம் போனில் கேட்டேன். அவள் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு, "இப்பவே போன் போட்டுச் சொல்லிருங்க," என்றாள். அவளுக்குச் சுலபம். எனக்கு நம்பர் கையில் இருந்தது. எடுத்தேன், வைத்தேன். போனில் சொல்லக்கூடிய விஷயமா இது என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். நேரில் போய், பதிலுக்கு வேறொரு நல்ல பீங்கான் ஜாடி வாங்கிக் கொடுத்து, இது அந்த அம்மாளின் ஞாபகப் பொருள், அவர் கேட்கிறார் என்று பக்குவமாகச் சொல்லிச் சிமிழை வாங்கிவிடலாம். ஊறுகாயைத் தாரிணி தெரியாமல் தட்டிவிடுகிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஈயம் என்ற வார்த்தையே வரவேண்டாம்.

திட்டத்தை தாரிணியிடம் சொன்னேன். "ஏன் பொய் சொல்லணும்?" என்று கேட்டாள்.

"பொய் இல்லம்மா. சுத்தி வளைச்சுச் சொல்றது."

"அதுக்கு ஜெர்மன்ல என்ன வார்த்தை?"

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் இல்லை.

மறுநாள் ஜாடி வாங்கவே போய்விட்டது. கடைத்தெருவில் தபசுக் கூட்டம். அதற்கும் மறுநாள்தான் கார் பிடித்துக் கரிவலத்துக்குப் போனோம்.

5

சம்பந்தியம்மா பெயர் செண்பகவல்லி. உயரமான மனுஷி, அதிகம் பேசமாட்டார். கணவர் வயலுக்கும் மாப்பிள்ளை பட்டறைக்கும் போயிருந்தார்கள், சாப்பாட்டு வேளைக்கு வந்துவிடுவார்கள் என்றார். நான் கொண்டுபோன ஜாடியை வாங்கி ஓரமாக வைத்தார். பெரிய விருந்து. நானும் அக்காவும் தாரிணியும் வரிசையாக இலையில் உட்கார்ந்தோம். பரிமாறியது மாப்பிள்ளையின் அக்கா முத்துலட்சுமி. வயிறு நன்றாகத் தெரிந்தது, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாளாம். அவளைக் கண்டதும் எனக்குச் சோறு கண்ணில் படவில்லை.

செண்பகவல்லியம்மா உள்ளே போய் எலுமிச்சைச் சிமிழை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஃப்ராவ் பிராண்ட்னர் மாடியேறி வந்தபோது பிடித்திருந்த அதே பிடி. மூடியைத் திறந்தார். வெள்ளை இருந்த இடமெல்லாம் செக்கச் செவேலென்று எண்ணெய்.

"தாய்மாமன் சீரு. தாய்மாமன்தான் மொதல்ல தொடணும்னு இன்னும் யாருக்கும் வைக்கல, அண்ணாச்சி. இவ ஒருத்திதான் மாசமா இருக்காளா, புளிப்புக்கு ஏங்கிப்போய்த் தெரியாம எடுத்துத் திங்கா," என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். முத்துலட்சுமியும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

என் இலையின் ஓரத்தில் ஒரு துண்டு விழுந்தது. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். "சம்பந்தியம்மா, அங்க எங்க வீட்டுக்கார அம்மா ரொம்ப வயசானவுக. அவுகளுக்கு இந்தச் சாமான் மேல ஒரு இது உண்டு. அதாவது, பழைய சாமான்னா அதுக்குன்னு சில பக்குவம்..." அக்கா என் தொடையில் கிள்ளினாள். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, அவமானமாக இருக்கிறது சொல்ல, கை தானாக அந்தத் துண்டை எடுத்தது. ஒரு துண்டு தின்றால் நான் செத்துவிடமாட்டேன், யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று தோன்றியது.

"அப்பா, சாப்பிடாத," என்றாள் தாரிணி. இலையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். "அம்மா, இது விஷம். அக்கா, நீங்க இனிமே சாப்பிடாதீங்க. உள்ள இருக்க பாப்பாவுக்கு ஆகாது."

கல்யாண வீட்டில் சொல்லக்கூடாத சொற்களுக்கெல்லாம் தலைமையான சொல் அது.

"ஏட்டி, வாய மூடு," என்றாள் அக்கா.

அதற்குமேல் நான் எதை வளைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். சிமிழ் இரவல் வந்தது, பூச்சில் ஈயம் இருக்கிறது, புளிப்பில் இறங்கும் என்று.

"ஈயம் நல்லதுதான? ஈயச் சொம்புல ரசம் வைக்கோம்லா," என்றார் செண்பகவல்லியம்மா.

"அது வெள்ளீயம். இதுல காரீயம் இருக்கு. வயித்துப் பிள்ளைக்கு ரொம்பக் கெடுதல்."

அவர் சிமிழை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஊறுகாயைப் புதைக்கிற மண்வெட்டிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது ஒங்களுக்கு எப்பம் தெரியும் அண்ணாச்சி?"

"ஊறுகாய் போட்டது முந்தாநாள்தான் தெரியும், சம்பந்தியம்மா."

"முந்தாநாளே ஒரு போன் போட்டுருக்கலாம்லா?"

முத்துலட்சுமி மெதுவாக, "நேத்தும் ஒரு துண்டு எடுத்தேம்மா," என்றாள்.

நூல் அறுவதற்கு முன்னால் மெஷினை நிறுத்துகிறவன் நான். அன்றிலிருந்து ஊறுகாயைக் கண்டாலே அந்த ஒரு துண்டுதான் ஞாபகம் வருகிறது.

6

அன்று சாயங்காலமே முத்துலட்சுமியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார்கள். ரத்தத்தில் ஈயம் பார்க்கிற சோதனை எல்லா இடத்திலும் கிடையாதாம், எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார் செண்பகவல்லியம்மா. கல்யாணத்தைப் பற்றி அக்கா வாயெடுத்தபோது, "ரிசல்ட்டு வரட்டும் மைனி, பொறவு பேசிக்கிடுவோம்," என்று மட்டும் சொன்னார். பத்திரிகை அடிக்கக் கொடுத்ததை அக்கா நிறுத்திவைத்தாள்.

அந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். போன் மணி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். கோமதி விடிந்ததும் கோயிலுக்குப் போய், தபசுக்கு வேண்டிக்கொண்டு வலம்வருகிற ஆடிச்சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள். நர்ஸ் அல்லவா, அவளுக்குத்தான் எங்கள் எல்லாரையும்விட விவரம் தெரியும். அதனால்தான் எங்களைவிட அதிகம் சுற்றினாள். "கல்யாணத்தக் கும்பிடல மாமா. அந்த அக்காவுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் சுத்துதேன்," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா தாரிணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவாள், பேசமாட்டாள். தாரிணியும் நன்றி சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒரு மத்தியானம் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நான் தப்பா சொல்லிட்டேனாப்பா?"

"தப்பில்ல. ஆனா சொன்ன இடம்தான்..."

"அவங்க சாப்பிடுற இடத்துலதான சொல்லணும்? வேற எங்க போய்ச் சொல்றது?"

இவள் நம்மைவிட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று நானும் செல்வியும் பல நாள் கவலைப்பட்டிருக்கிறோம். தமிழ் மாதம் சொன்னால் முழிக்கிறாள், வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிறாள், அவளுக்கு மரியாதையாகத் தோன்றுவது நமக்கு அவமரியாதையாகப் படுகிறது. இதையெல்லாம் அவளிடம் குறையாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்த மத்தியானம் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

தபசு நாளும் வந்தது. தபசு மண்டபத்தின் பக்கம் எள் போட்டால் விழாத கூட்டம். வயல்காட்டு ஜனங்கள் பருத்தியையும் வத்தலையும் காணிக்கையாக வாரி எறிகிறார்கள், தலையெல்லாம் பஞ்சு. நான் ஒரு கையில் தாரிணியையும் மறு கையில் போனையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்பாளைப் பார்த்ததைவிட போனைப் பார்த்ததுதான் அதிகம். அது அடிக்கவே இல்லை. அம்பாளுக்குச் சுவாமி கொடுக்கிற காட்சி முடிந்து வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் செருப்பு. உள்ளே செண்பகவல்லியம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு துணிப்பை. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாதீங்க," என்றுதான் தொடங்கினார்.

சோதனையில் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லையாம். இன்னும் கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஒருமுறை பார்க்கவேண்டும், அதுவரை கவனமாக இருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செண்பகவல்லியம்மா தாரிணியைப் பக்கத்தில் கூப்பிட்டார். தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டார்.

"சபையில இப்படி ஒரு சொல்லு விழுந்துட்டே, இந்தச் சம்பந்தம் வேணுமான்னு எங்க ஆளுகளே கேட்டாவ, மைனி. நானும் யோசிச்சேன். இந்தப் பிள்ள சொன்னதுனால எம் மக அதோட நிறுத்துனா. ஒங்க தம்பி சொல்லி முடிக்கதுக்குள்ள இன்னும் ரெண்டு துண்டு தின்னுருப்பா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க வீட்டுல யாரும் எதையும் நேரா சொல்ல மாட்டாவ. எனக்கும் வராது. கோமதி வந்தா இந்தப் பிள்ள மாதிரி நேரா சொல்லணும். ஆவுதத ஆவும்னும் ஆவாதத ஆவாதுன்னும் சொல்லுத மருமக எனக்கு வேணும். பத்திரிகைய அடிக்கக் குடுங்க."

போகும்போது பையிலிருந்து சிமிழை எடுத்தார். தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறார். உள்ளே காகிதத்தில் சுற்றிப் பனங்கற்கண்டு. "வெறும் பாத்திரமா குடுக்கக்கூடாதுல்லா. காஞ்சதுதான் அண்ணாச்சி, புளிப்பு ஒண்ணும் கிடையாது," என்றார். சீரைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்ற சங்கடம் அவர் முகத்தில் துளியும் இல்லை. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தார்.

7

ஆவணிக் கல்யாணத்துக்கு இருக்க முடியவில்லை. லீவு முடிந்துவிட்டது, தாரிணிக்குப் பள்ளி. கோமதியின் கல்யாணத்தை மாடியில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். முத்துலட்சுமி பெரிய வயிற்றோடு முன்வரிசை நாற்காலியில் இருந்தாள். கேமராக்காரன் அவள்மேல் எப்போது திரும்புவான் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்கு முன்னாலேயே, ஊரிலிருந்து வந்த அன்றே, கீழ்வீட்டுக் கதவைத் தட்டவேண்டியிருந்தது. சிமிழின் உள்பூச்சு மயிரிழை மயிரிழையாக முன்பே விரிந்திருக்கிறது; அந்த இழைகள் வழியாக எண்ணெய் உள்ளே மண்ணில் இறங்கிவிட்டது. கழுவினால் போகாது. வெள்ளைக்குள் செம்மஞ்சளாகப் பெரிய கறை, வேர் ஓடின மாதிரி. விமானத்தில் வரும்போது ஜெர்மனில் ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். மிகவும் வருந்தத்தக்க சூழ்நிலை என்று தொடங்கும். அந்த அம்மாள் கதவைத் திறந்ததும் தாரிணி என்னைப் பார்த்தாள். அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

நான் சிமிழை நீட்டினேன். "இதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிட்டார்கள். கறை போகாது," என்றேன். என் கடைத்தெரு ஜெர்மனுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

ஃப்ராவ் பிராண்ட்னர் மூடியைத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "யாராவது சாப்பிட்டார்களா?" என்று கேட்டார்.

"ஒரு பெண். வயிற்றில் குழந்தை."

தாரிணி அவர் கையிலிருந்து சிமிழை வாங்கி மேஜைமேல் வைத்தாள். நான் சோதனையைப் பற்றிச் சொன்னேன், இதுவரை ஒன்றும் இல்லை, இன்னும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தான் கொடுத்து அனுப்பியிருக்கக் கூடாது என்றார். இல்லை, நான் போன் போட்டிருக்கவேண்டும் என்றேன்.

"அவள் பெயர் என்ன?" என்று கேட்டார்.

முத்துலட்சுமி என்றேன். அவர் வாயில் அது வரவில்லை. தாரிணி மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். சரியாக வரும்வரை அந்த அம்மாள் விடவில்லை.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே சுவரில் ஒரு நாள்காட்டி உண்டு. அவருக்கு வேண்டியவர்களின் பிறந்தநாளெல்லாம் அதில் இருக்கும், பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. மறு சோதனை என்றைக்கு என்று கேட்டு, அந்தத் தேதியில் அவள் பெயரைப் பேனாவால் எழுதும்படி தாரிணியிடம் சொன்னார். தாரிணி, தமிழில் எழுதட்டுமா என்று கேட்டாள். எழுது என்றார். தாரிணி என்னிடம் கேட்டுக் கேட்டு, முத்துலட்சுமி என்று கோணல் எழுத்தில் எழுதினாள்.

அந்த நாள் இன்னும் வரவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது கீழ்வீட்டு ஜன்னல் வழியாக அந்த நாள்காட்டி தெரியும். இத்தனை நாளாக நான் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது நாங்கள் மூன்று பேர்.